பங்காளி வீட்டில் பெண் எடுக்காத மரம்

உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு தோப்புல 1,000 மாமரம் நிக்குது. எல்லாமே ஒரே ரகம். நர்சரியில் ரசீது போட்டு வாங்கின ஒட்டுக் கன்று. அந்தத் தோப்புல மொத்தம் எத்தனை மரம் இருக்கு?

'1,000 மரம், இதுல என்ன கேள்வி?'ன்னு சொன்னீங்கன்னா, நீங்க என் க்ளாஸ்மேட்ஸ் மாதிரியே. சரியான விடை: ஒண்ணு!

கடுப்பாகாதீங்க, சொல்றேன். நம்ம ஊர் மாம்பழத்தைச் சாப்பிட்டுட்டு கொட்டையை நட்டா, அதே பழம் வராது. அம்மா மாதிரியும் இருக்காது, அப்பா மாதிரியும் இருக்காது. ஒரு பங்கனப்பள்ளிக் கொட்டையிலிருந்து நார் மட்டுமே உள்ள புளிப்பு மாங்காய் வந்தாலும் வரலாம். அதனாலதான் ஒட்டு கட்டறாங்க. நல்ல மரத்துலேர்ந்து ஒரு குச்சியை வெட்டி, ஏதோ ஒரு நாட்டு மாங்கன்று மேல ஒட்டிடறது. அந்தக் குச்சி வளர்ந்து மரமாகும். அதுலேர்ந்து இன்னொரு குச்சி, அதுலேர்ந்து இன்னொண்ணு. லக்னோ பக்கத்துல காக்கோரிகிட்ட தஷேரின்னு ஒரு கிராமம் இருக்கு. அங்கே கிழட்டு மாமரம் ஒண்ணு இன்னமும் நிக்குது. வட இந்தியாவே கொண்டாடற தஷேரி மாம்பழத்துக்கு அதுதான் தாய் மரம். ஊர் ஊரா நிக்கிற தஷேரி மரங்கள் எல்லாம் அந்த ஒத்தை மரத்தோட கைகால்னு வெச்சுக்குங்களேன். நம்ம பாஷையில சொன்னா, கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி.

சரி, இதுல என்ன சிக்கல்? பூக்கிற காலத்துல வருது சிக்கல். பக்கத்து மரத்துலேர்ந்து ஒரு ஈ மகரந்தத்தைக் கால்ல ஒட்டிக்கிட்டு வந்து இந்த மரத்துப் பூ மேல உட்காருது. நமக்குப் பார்த்தா அது அயல்மகரந்தச் சேர்க்கை. மரத்துக்கு அப்படி இல்லை. ரெண்டு மரமும் ஒரே குச்சியோட காப்பிங்கறதால, வந்திருக்கிறது அதோட சொந்த மகரந்தம். சில பழ மரங்கள் அதை உடனே கண்டுபிடிச்சு, 'சாரி பாஸ்'னு வெளியே தள்ளிடும். தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காத இந்தக் குணத்துக்குப் புத்தகத்துல போட்டிருக்கிற பேர், சுய இணக்கமின்மை. ப்ளஸ் டூவுல நான் பயாலஜி படிச்சவதான். இந்த வார்த்தையை ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்தும் போனேன். திரும்ப ஞாபகம் வந்தது எங்க பெரியப்பா தோப்புல. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல இந்தப் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. நான் படிக்கிறது ஈ.சி.இ. எங்களுக்குத் தெரிஞ்ச பூட்டு எல்லாமே மேட்ச் ஆனா திறக்கும். பாஸ்வேர்டு, கைரேகை, ஓ.டி.பி., எதுவா இருந்தாலும் உள்ளே இருக்கிறதும் வெளியேர்ந்து வர்றதும் ஒண்ணா இருக்கணும். மரத்தோட பூட்டு தலைகீழ். மேட்ச் ஆனா மூடிக்கும்! டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ்ல எக்ஸ்-ஆர் கேட்னு ஒண்ணு வரும், ரெண்டு இன்புட்டும் ஒரே மாதிரி இருந்தா அவுட்புட் ஜீரோ. அதேதான். கோடிக்கணக்கான வருஷமா எக்ஸ்-ஆர் கேட்டைப் பூவுக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடிக்கிட்டிருக்கு இயற்கை. நாம என்னவோ அதை செகண்ட் இயர்ல புதுசா கண்டுபிடிச்ச மாதிரி ரெக்கார்டு நோட்டுல வரைஞ்சுக்கிட்டிருக்கோம்.

எலெக்ட்ரானிக்ஸ் பிடிக்காதவங்களுக்கு இன்னும் ஈஸியா ஒண்ணு சொல்றேன். நம்ம வீடுகள்ல அண்ணன் தம்பி பிள்ளைங்களுக்குள்ள கல்யாணம் கிடையாது, அவங்க பங்காளிங்க. பொண்ணு எடுக்கறது, கொடுக்கறது எல்லாம் மாமன் மச்சான் வழியிலதான். ஆப்பிள், பேரி, செர்ரி மரங்களும் இதே மாதிரி ஒரு முறை வெச்சிருக்கு. எஸ்-னு ஒரு ஜீன். அதுல ஏகப்பட்ட வகை: எஸ்1, எஸ்2, எஸ்3ன்னு போய்க்கிட்டே இருக்கும். ஒரு மரத்துக்கு ரெண்டு எஸ் இருக்கும். அது அனுப்பற ஒவ்வொரு மகரந்தத் துகளும் அதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டுப் போகும். வந்திறங்கின துகளோட எஸ், பூவோட ரெண்டு எஸ்-ல எதுவோட ஒத்துப்போனாலும் பங்காளி! கதவு சாத்திடும். எஸ்1, எஸ்2 உள்ள மரத்துப் பூவுல எஸ்1, எஸ்3 மரத்தோட மகரந்தம் வந்தா பாதி துகளுக்கு மட்டும் அனுமதி. எஸ்3, எஸ்4 மரத்துலேர்ந்து வந்தா மொத்தமும் சம்பந்தி வீடு, பந்தியில உட்காரலாம். சொந்தத் துகளுக்கோ ஒரு வழியும் கிடையாது. அதுகிட்ட இருக்கிறதே எஸ்1, இல்லைன்னா எஸ்2.

வாசல்ல நிறுத்தி அடையாள அட்டை கேட்கிற மாதிரி நினைச்சுக்காதீங்க. அதைவிடக் கொடூரம். மகரந்தத் துகள் பூவோட நுனியில் இறங்கி, ஒரு குழாய் விட்டு சூலகத் தண்டு வழியா கீழே இறங்க ஆரம்பிக்கும். தண்டுக்குள்ள ஒரு நொதி காத்திருக்கு. அது குழாய்க்குள்ள இருக்கிற ஆர்.என்.ஏ.வை வெட்டிப் போட்டுடும். அயல் வீட்டுத் துகள் அதுலேர்ந்து தப்பிச்சுடும். சொந்தத் துகள் பாதி வழியில நின்னுடும். 1980-களின் கடைசியிலதான் இந்த நொதியோட வேலை விஞ்ஞானிகளுக்குப் புரிஞ்சது.

இது புரியறதுக்கு முன்னாடி விவசாயிங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1890-கள்ல அமெரிக்காவோட வர்ஜீனியாவுல பெரிய பேரிக்காய்த் தோட்டம் ஒண்ணு. ஆயிரக்கணக்குல மரம், அத்தனையும் பார்ட்லெட்ங்கிற ஒரே ரகம். பூ பூவா பூக்கும், காய் மட்டும் கணக்குக்குத் தேறாது. வெயிட்னு ஒரு விஞ்ஞானி போய், பூக்களைப் பை போட்டு மூடி, சொந்த மகரந்தத்தையும் வேற ரகத்து மகரந்தத்தையும் தனித்தனியா வெச்சுப் பார்த்தார். வேற ரகம் பட்ட பூ காய்ச்சது. அவ்வளவுதான் விஷயம். அதுக்கப்புறம்தான் ஆப்பிள், பேரித் தோட்டங்கள்ல ஒவ்வொரு மூணாவது வரிசையிலும் மூணாவது மரத்தை வேற ரகமா வைக்கிற வழக்கமெல்லாம் வந்தது. ஒன்பது மரத்துக்கு ஒரு மாப்பிள்ளை!

பூட்டையே உடைச்சவங்களும் இருக்காங்க. இங்கிலாந்துல ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிறுவனத்துல செர்ரி மகரந்தத்து மேல எக்ஸ்-ரே பாய்ச்சினாங்க. மகரந்தத்தோட எஸ் அட்டை கெட்டுப்போயிடுச்சு. அட்டை இல்லாத ஆளை எப்படிப் பங்காளின்னு கண்டுபிடிக்கறது? உள்ளே விட்டுடுச்சு. அந்த வம்சத்துலேர்ந்து கனடாவுல 1968-ல் ஸ்டெல்லான்னு ஒரு செர்ரி ரகம் வந்தது. ஒத்தையா நட்டாலும் காய்க்கும்.

செர்ரி கதை இருக்கட்டும், நம்ம மாமரத்துக்கு வருவோம். மாமரம் பண்றது வேற மாதிரி. 1970-ல் சர்மா, சிங்னு ரெண்டு இந்திய விஞ்ஞானிங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தஷேரி, லங்கடா, சௌசா, பாம்பே கிரீன், இந்த நாலு வடக்கத்தி ரகமும் தன் மகரந்தத்துல காய் பிடிக்காதுன்னு. ஆனா மாம்பூ வாசல்ல தடுக்கறது இல்லை, தண்டுலயும் தடுக்கறது இல்லை. சொந்த மகரந்தத்தை உள்ளே விடும். கரு கூடும். பிஞ்சும் வைக்கும். 'அப்பாடா, இந்த வருஷம் மகசூல்'னு தோப்புக்காரர் நினைக்கும்போது, சுமார் 15 நாள் கழிச்சு, விதைக்குள்ள கருவுக்குச் சோறு மாதிரி இருக்கிற திசு அழிஞ்சிடும். பிஞ்சு மொத்தமும் கீழே கொட்டிடும். பத்திரிகை அடிச்சு, மண்டபம் பிடிச்சு, பந்தக்கால் நட்ட பிறகு பங்காளின்னு கண்டுபிடிச்சு கல்யாணத்தை நிறுத்தற மாதிரி. இது ரொம்ப அநியாயம்னு எனக்குத் தோணுது, மரத்துகிட்ட யார் சொல்றது?

இந்தக் கோளாறையே ஒரு ஆயுதமா மாத்தினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். புது மா ரகம் உருவாக்கறது கொடுமையான வேலை. ஒரு பூங்கொத்துல நூத்துக்கணக்குல, சில சமயம் ஆயிரக்கணக்குல குட்டிக் குட்டிப் பூ. அதுல பாதிக்கு மேல ஆண் பூவாவே இருக்கலாம். இருபால் பூவைத் தேடி, அதோட மகரந்தப் பையை இடுக்கியால கிள்ளி எறிஞ்சுட்டு, வேற ரகத்து மகரந்தத்தைத் தடவி, பையைக் கட்டி... இவ்வளவும் பண்ணினா கடைசியில நூறு பூவுக்கு ஒரு காய் நின்னாலே சாமி புண்ணியம். சர்மாவும் சிங்கும் யோசிச்சாங்க: தஷேரிதான் தன் மகரந்தத்தை ஏத்துக்காதே, அப்புறம் எதுக்குக் கிள்ளணும்? ஒரு பெரிய வலைக் கூண்டு. உள்ளே தஷேரி ஒட்டு மரம், பக்கத்துல மாப்பிள்ளை ரகம். நடுவுல புதுசா வளர்த்த வீட்டு ஈக்களைத் திறந்துவிட்டாச்சு. ஆமாம், நாம தட்டுலேர்ந்து விரட்டறோமே, அதே ஈ! தஷேரியில எந்தக் காய் நின்னாலும் அது மாப்பிள்ளை வீட்டு வாரிசுதான். வேற வழியே இல்லை. டி.என்.ஏ. டெஸ்ட் தேவையில்லாத கேஸ்.

டெல்லியில இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970-கள்ல தந்த மல்லிகா, ஆம்ரபாலி ரெண்டு ரகத்தையும் கேள்விப்பட்டிருப்பீங்க. ரெண்டுலயும் ஒரு பக்கம் தஷேரி. இன்னொரு பக்கம் யார் தெரியுமா? நம்ம நீலம்! ஆடி மாசம் வரைக்கும் தள்ளுவண்டியில கடைசியா கிடைக்குமே, அதை வெட்டும்போது உள்ளேர்ந்து ஒரு வண்டு எட்டிப் பார்க்குமே, அந்த நீலம்தான். மல்லிகாவுக்கு நீலம் அம்மா, ஆம்ரபாலிக்கு நீலம் அப்பா. தஷேரி ஒரு வருஷம் காய்ச்சா மறு வருஷம் லீவு போடும். நீலம் வருஷா வருஷம் தவறாம காய்க்கும். அந்தக் குணத்துக்காகவே டெல்லிக்காரங்க சம்பந்தம் பேசியிருக்காங்க. மகாராஷ்டிராவோட ரத்னா, நீலத்துக்கும் அல்போன்சாவுக்கும் பிறந்தது. பெரியகுளத்தோட பி.கே.எம்.1, சின்ன சுவர்ணரேகாவுக்கும் நீலத்துக்கும் பிறந்தது. திருத்தணியில ரயில் ஏறி ரேணிகுண்டா தாண்டிப் போனா கோடூர் வரும். அங்கே பழ ஆராய்ச்சி நிலையத்துல பிறந்த பிள்ளைங்க பேரைக் கேளுங்க: நீல்கோவா, நீலுத்தீன். அப்பா அம்மா பேரைப் பாதி பாதியா சேர்த்து வெச்சது. முல்கோவாவும் ஹிமாயுத்தீனும் மீதிப் பாதி. நீலத்துக்கு எங்க ஊர்ல ஒரு மரியாதையும் இல்லைங்கறது வேற விஷயம். 'புழு இருக்கும்'னு பேரம் பேசி வாங்குவாங்க.

இங்கே ஒரு சின்ன பிரேக். எல்லா மரமும் ரத்த சம்பந்தம் பார்த்துதான் மாட்டேங்குதுன்னு நினைக்காதீங்க. சீத்தாப்பழத்தோட பிரச்னை டைமிங். அதோட பூ முதல்ல பெண்ணா இருக்கும், அப்புறம் ஆணா மாறும். மகரந்தம் வர்ற நேரத்துல பெண் பாகம் ஷிஃப்ட் முடிச்சுட்டுக் கிளம்பிடும். ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கற புருஷன் பொண்டாட்டி கதைதான். நடுவுல சின்னச் சின்ன வண்டுங்க மகரந்தத்தைச் சுமந்து உதவி பண்ணாதான் உண்டு.

இனி எங்க ஊர். திருத்தணின்னா உங்களுக்கு மலை தெரியும், 365 படி தெரியும், ஆடிக் கிருத்திகை தெரியும், ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர்னு பொது அறிவு புத்தகத்துல படிச்சிருப்பீங்க. எங்களுக்கு அது ஒரு எல்லை ஊர். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தோம். ம.பொ.சி. மாதிரி ஆளுங்க போராடி நம்ம பக்கம் கொண்டுவந்தாங்க. இப்பவும் பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல நகரி வந்துடும், போர்டு எல்லாம் தெலுங்கு. கிளிமூக்கு மாங்காய்னு நாம சொல்றதை அந்தப் பக்கம் தோத்தாபுரிம்பாங்க, கலெக்டர் காய்ம்பாங்க. சித்தூர் பக்கம் ஜூஸுக்குக் கூழ் எடுக்கிற ஃபேக்டரிங்க நிறைய. அதுக்காகவே ஏக்கர் ஏக்கரா தோத்தாபுரி மட்டும். 2025 ஜூன்ல விலை தரையில விழுந்து, வெளி மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாதுன்னு சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுச்சு. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்கு லெட்டர் எழுதற அளவுக்குப் போச்சு. ஒரே ரகத்தை நம்பி நின்னா சந்தையில என்ன ஆகும்னு அந்த மாசம் எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்சது. பூவுல என்ன ஆகும்ங்கறதை யாரும் பேசலை.

எங்க பெரியப்பாவுக்கு நகரி ரோட்டுல மூணு ஏக்கர் தோப்பு. நூத்திச் சொச்சம் மரம். முக்கால்வாசி பங்கனப்பள்ளி. நடுநடுவே தாத்தா காலத்து நீலம், ருமானி, கிளிமூக்கு எல்லாம் சேர்த்து 14 மரம். கிணத்தடியில கொட்டை போட்டுத் தானா முளைச்ச பேர் தெரியாத நாட்டு மாமரம் ஒண்ணு. போன வருஷம் குத்தகைக்காரர் வந்து ஒரே பிடியா நின்னார். "இந்தக் கலப்பட மரத்தையெல்லாம் எடுத்துட்டு பங்கனப்பள்ளியே வெச்சுடுங்க. ஒரே லோடு, ஒரே ரேட்டு. அஞ்சு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போட்டுக்கலாம்." பெரியப்பாவுக்குப் பணம் வேணும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்தாங்க. மரம் அறுக்கறவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு.

நான் அன்னிக்குத் தோப்புல இருந்தேன். மேலே எழுதினதை எல்லாம் இதைவிட மோசமா, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பெரியப்பா வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டார்.

"இன்னாமா நீ, கம்ப்யூட்டர் படிக்கிறியா, மாங்கா படிக்கிறியா?"

"ஈ.சி.இ. பெரியப்பா."

"ஏதோ ஒண்ணு. நீ சொல்ற நாலும் வடக்கத்தி மரம். நம்மளுது பங்கனப்பள்ளி ஆச்சே. அதுவும் அப்பிடித்தான்னு எவனாவது எழுதியிருக்கானா?"

நியாயமான கேள்வி. செமினார்ல எங்க ஹெச்.ஓ.டி.கூட இப்படி மடக்க மாட்டார். நானும் சும்மா விடலை. "பெரியப்பா, தஷேரி மாதிரி பிடிவாதம் இல்லாத மாமரம்கூட, வேற ரகத்து மகரந்தம் கிடைச்சா காயை நல்லாப் பிடிச்சுக்கும். கூட ஒரே சமயத்துல பூக்கிற வேற ரகம் தோப்புல இருக்கணும், ஈ இருக்கணும். நீங்க பூ எடுத்ததும் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிச்சு ஈயையும் சேர்த்துக் கொல்றீங்க. இப்போ மாப்பிள்ளையையும் வெட்டிட்டா?" ஆஸ்திரேலியாவுல மாந்தோப்புக்காரங்க ஈ வரணும்னே செத்த மீனையும் கறிக் கழிவையும் தோப்புல தொங்கவிடறாங்கன்னு சொன்னேன். அது தப்பான இடத்துல போய் முடிஞ்சது. எங்க வீடு சுத்த சைவம். முருகன் கோயிலுக்கு மாலை போட்டிருந்த சித்தப்பா எழுந்தே போயிட்டார்.

அப்புறம் பணக் கணக்குக்கு மாறினேன். பங்கனப்பள்ளி ஏப்ரல், மே மாசத்தோட சரி. நீலம் ஜூன், ஜூலைக்கு வரும். 2025-ல் ஒரே காயை வெச்சுக்கிட்டு ஃபேக்டரி வாசல்ல டிராக்டரோட காத்துக் கிடந்தவங்களை நாமளே பார்த்தோமே. ரெண்டு சீசன் இருந்தா ஒண்ணு விழுந்தாலும் ஒண்ணு கையில இருக்கும். மகரந்தத்துக்கு அசையாத பெரியப்பா இதுக்குக் கொஞ்சம் அசைஞ்சார். வெத்தலையைத் துப்பிட்டு வந்து, ஒவ்வொரு மரமா தட்டிப் பார்த்துக்கிட்டே ஒரு சுத்து நடந்தார்.

கிணத்தடி மரத்துக்கிட்ட வந்ததும் பெரியம்மா குறுக்கே வந்துட்டாங்க. "இதை வெட்டினா ஆவக்காய்க்கு எங்கே போறது? இந்தப் புளிப்பு வேற எந்த மரத்துல இருக்குது? உங்க அம்மா போட்ட ஊறுகாயே இதுலதான் போட்டாங்க." அதுக்கு மேல பேச்சே இல்லை. எஸ் ஜீன், எக்ஸ்-ஆர் கேட், வர்ஜீனியா, டெல்லி எல்லாத்தையும் ஒரு ஊறுகாய் ஜாடி ஓரம் கட்டிடுச்சு. அந்த மரம் சிபாரிசே இல்லாம ஜெயிச்சது. எனக்கு அதுல ரெட்டைச் சந்தோஷம். கொட்டையில முளைச்ச மரம் அது, யாரோட காப்பியும் கிடையாது. அப்படி ஒண்ணு உலகத்துல அது மட்டும்தான். அந்தத் தோப்புல பங்கனப்பள்ளிக்குப் பங்காளி முறையே இல்லாத மரங்கள்ல அதுவும் ஒண்ணு.

மறுநாள் மரம் அறுக்கறவர் வந்தார். ருமானி மூணும் கிளிமூக்கு ரெண்டும் போச்சு. அறுக்கற சத்தம் கேட்கும்போது நான் ரோட்டுப் பக்கம் போய் நின்னுக்கிட்டேன். நீலம் ஒண்ணுகூடப் போகலை, மேற்கு வரிசையில ஏழும் நடுவுல ரெண்டும் அப்படியே நிக்குது. குத்தகைக்காரர் அஞ்சு வருஷ அக்ரிமென்ட்டை ரெண்டு வருஷமா குறைச்சுட்டார். அதுக்கு பெரியப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

தை பிறந்து பூ எடுத்ததும் எனக்கு போன் வந்தது. வழக்கமா பூ முழுசா விரிஞ்சிருக்கும்போது மருந்து அடிப்பார். இந்தத் தடவை அதுக்கு முன்னாடியே ஒரு தடவை அடிச்சுட்டு நிறுத்திட்டாராம். "ஏம்மா, ஈ மொய்க்குது. விரட்டாம உட்டு வெச்சிருக்கேன். நம்ம மரத்துல காய் நிக்கலைன்னா, அக்கா கல்யாணத்துக்கு நீதான் பணம் கொடுக்கணும்."

அக்காவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுட்டார். சோளிங்கர் பக்கம். அவங்க வீட்டுலயும் தோப்பு இருக்கு, முழுக்க ஒரே ரகமாம்.